அழுத்தம் எங்கே போகிறது?

வண்டியைக் கெடுப்பது வேகம் என்றுதான் பொதுவாக எல்லோரும் சொல்கிறோம். டர்போ வைத்த பெட்ரோல் காரின் கதை வேறு. ஆக்சிலரேட்டரை மிதித்து ஏற்றும்போது டர்போ தன் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. மிதித்த காலைச் சட்டென்று எடுக்கிறோமே, அந்த நொடியில்தான் அது அடி வாங்குகிறது. அனுப்பர்பாளையத்தில் லேத் மெஷினோடு ஆயுளைக் கழித்தவன் நான். பழைய டர்போ காருக்கு எந்த வால்வு போடலாம் என்று கேட்டு வருகிற பிள்ளைகளுக்கு வாயால் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். பேச்சு வால்வைப் பற்றியதுதான். ஆனால் அது வால்வோடு முடிந்துபோகிற விஷயம் இல்லை.

திருப்பூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் பனியன்தான் ஞாபகம் வரும். அதே திருப்பூரில், அவிநாசி சாலையில் இருக்கிற எங்கள் அனுப்பர்பாளையத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பாத்திரம். பித்தளை, செம்பு, எவர்சில்வர் என்று குடமும் அண்டாவும் பானையும் வெந்நீர் பாய்லரும் செய்து அனுப்புகிற பட்டறைகள் தலைமுறை தலைமுறையாக இங்கே உண்டு. பட்டறை இருக்கிற ஊரில் லேத் இருக்கும். லேத் இருக்கிற இடத்துக்கு, கடையில் கிடைக்காத சாமானைக் கடைந்து வாங்க ஆள் வரும். முன்னெல்லாம் தண்ணி மோட்டாருக்கும் தறிக்கும் வந்தார்கள். இப்போது பனியன் கம்பெனியில் சம்பாதித்து, பள்ளிக்கூட வயதில் ஏங்கிப் பார்த்த காரைச் செகண்ட் ஹேண்டில் வாங்கிய பிள்ளைகள் வருகிறார்கள்.

அந்தப் பிள்ளைகளின் பேச்சில் அடிக்கடி அடிபடுவது முதல் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியாவின் ஆர்எஸ். டர்போ என்றாலே டீசல் என்று நம் நாட்டில் இருந்த 2000-களின் முற்பகுதியில் வந்த பெட்ரோல் டர்போ அது. 1.8 லிட்டர், நாலு சிலிண்டர், சிலிண்டருக்கு ஐந்து வீதம் 20 வால்வு, 150 குதிரைத்திறன். அந்த இன்ஜின் குடும்பம் ஃபோக்ஸ்வாகன், ஆடி வண்டிகளிலும் உலகமெங்கும் ஓடியது. பிறகு 2010இல் ஃபியட் லீனியா டி-ஜெட், 2013இல் போலோ ஜிடி டிஎஸ்ஐ, 2018இல் நம் கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் டாடா மோட்டார்ஸுடன் சேர்ந்து செய்த டியாகோ ஜேடிபி, டிகோர் ஜேடிபி என்று வரிசையாக வந்தன. அன்றைக்குப் புதிதாக மின்னிய வண்டிகளெல்லாம் இன்றைக்குப் பழசாகிக்கொண்டு வருகின்றன.

டர்போ செய்வது என்ன? சைலன்சர் வழியாக வீணாகப் போகிற புகையின் வேகத்தை வைத்து ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டு, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி இன்ஜினுக்கு ஊட்டுகிறது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பூஹி என்ற இன்ஜினியர் 1905இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். கப்பலுக்கும் விமானத்துக்கும் உழைத்துவிட்டு, 1962இல்தான் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், ஷெவ்ரோலே கார்வேர் ஆகிய கார்களில் விற்பனைக்கு வந்தது. போகிற புகையைக்கூட வீணாக்காமல் வேலை வாங்கிய யோசனை என்பதால் பூஹியின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

அந்தத் தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றக்கூடியது. மிதிக்கும்போது, இன்ஜினின் காற்றுக் கதவான த்ராட்டில் திறந்திருக்கிறது, அமுக்கிய காற்று தடையில்லாமல் உள்ளே போகிறது. கியர் மாற்றக் காலை எடுத்ததும் த்ராட்டில் படாரென்று மூடிக்கொள்கிறது. சக்கரத்துக்கு அது தெரியாது. முந்தைய வேகத்தில் சுற்றி இன்னும் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. மூடிய கதவில் மோதிய காற்று போக்கிடம் இல்லாமல் திரும்பி வந்து, தன்னைத் தள்ளிய சக்கரத்தையே எதிர்த்து அறைகிறது. தண்டு குலுங்குகிறது, பேரிங் தேய்கிறது, சுற்றும் வேகம் தளர்கிறது. அடுத்த முறை மிதித்தால் வண்டி எழும்பத் தயங்குகிறது. ஒரே நாளில் எதுவும் உடைந்துவிடாது. ஆனால் ஊருக்குள் ஓட்டும்போது எத்தனை தடவை காலை எடுக்கிறோம்! அத்தனை தடவையும் இதே அடி விழுந்தால் எந்த இரும்பு தாங்கும்?

இதற்காகத்தான் டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் இடையில் ஒரு வால்வு வைத்திருக்கிறார்கள். த்ராட்டில் மூடியதும் இன்ஜினுக்குள் வேக்குவம் உண்டாகும். அது ஒரு சின்ன ஹோஸ் வழியாக இழுக்க, வால்வு திறந்து, அடைபட்ட காற்றுக்கு வழி விடும். திறப்பது கண நேரம்தான். மறுபடி மிதித்ததும் மூடிவிட வேண்டும். அந்தக் காற்றை எங்கே விடுவது என்பதில்தான் இரண்டு கட்சி. அதே காற்றை டர்போவின் வாய்க்கே திருப்பி விடுவது ஒன்று. கம்பெனி பொருத்தித் தருவது பெரும்பாலும் இந்த ரகம்தான், டைவர்ட்டர் வால்வு என்பார்கள். வெளியே திறந்துவிடுவது இன்னொன்று. புஸ்ஸென்று தெருவே திரும்பிப் பார்க்கும் சத்தம் அதிலிருந்துதான் வருகிறது.

ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கும் பையன் ஒருவன், அந்தச் சத்தத்துக்காகத்தான் என்னிடம் வந்தான். பளபளவென்று ஒரு அலுமினிய வால்வைக் கையில் வைத்திருந்தான்.

“ஏனுங்கய்யா, இது நம்ம வண்டி பைப்புல உக்காரலீங்க. நடுவால ஒரு அடாப்டர் கடைஞ்சு குடுங்க.”

“கடையறது அரை மணி நேர வேலை, கண்ணு. பழசு என்னாச்சுன்னு பாத்தியா?”

“அது பிளாஸ்டிக்குங்க. வண்டி இழுவை கம்மியாயிருச்சு. கியர் மாத்துனா திக்குது. அதான் மெட்டல்ல மாத்தீரலாம்னு.”

பழசைக் கழற்றச் சொன்னேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற கறுப்பு வால்வு. அதைப் பரிசோதிக்க மெஷின் ஒன்றும் வேண்டாம், இரண்டு விரல் போதும். கீழ்வாய் வழியாக உள்ளே இருக்கும் மூடியை மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டு, தலையில் இருக்கிற சின்னக் குழாய்முனையை இன்னொரு விரலால் இறுக மூட வேண்டும். பிறகு தள்ளிய விரலை எடுக்க வேண்டும். உள்ளே ரப்பர் டயஃப்ரம் நன்றாக இருந்தால், ஸ்பிரிங் எவ்வளவு அமுக்கினாலும் மூடி மேலேயே நிற்கும். கிழிந்திருந்தால் டப்பென்று கீழே இறங்கிவிடும். அவன் விரலை வைத்தே செய்து பார்க்கச் சொன்னேன். விரலை எடுத்ததும் இறங்கிவிட்டது. திரும்பச் செய்தான், திரும்பவும் இறங்கியது. வேக்குவம் ஹோஸை மடக்கிக் காட்டினேன். வெயிலில் காய்ந்த சேறு மாதிரி ரப்பர் நெடுக வெடித்திருந்தது. வண்டியின் இழுவை போன இடம் இந்த இரண்டும்தான். ஏற்றும்போது காற்று கசிந்துகொண்டே இருந்திருக்கிறது.

அந்த அலுமினிய வால்வை மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆக்டேவியா மாதிரி வண்டிகளில், ஏர் ஃபில்டரைத் தாண்டியதும் ஒரு சென்சார் உட்கார்ந்து, உள்ளே போகிற காற்றை அளக்கிறது. அந்தக் கணக்கை வைத்துத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோலை விடுகிறது. அளந்து கணக்கில் எழுதிய காற்றை நடுவழியில் வெளியே ஊதிவிட்டால், கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. இல்லாத காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் ஊற்றும். கியர் மாற்றும்போது திக்கும், சைலன்சரில் கரும்புகை வரும், சிக்னலில் நிற்கப் போனால் ஆஃப் ஆகும். எரியாத பெட்ரோல் போய்ச் சேர்ந்து கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிப் பாழாக்கும். வெறும் அழுத்தத்தை மட்டும் அளந்து பெட்ரோல் விடுகிற இன்ஜின்களும் உண்டு. அவை வெளியே ஊதுவதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். ஆகவே வால்வு வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, என் வண்டி காற்றை எப்படி அளக்கிறது என்பதுதான்.

அடுத்தது ஸ்பிரிங். பந்தய வண்டிக்கென்று செய்த வால்வில் ஸ்பிரிங் கடினமாக இருக்கும். நம் பழைய வண்டி ஏற்றுகிற அழுத்தம் பந்தய வண்டி ஏற்றுவதில் பாதிகூட வராது. கம்பெனி அமைப்பில் அந்த 150 குதிரைத்திறன் இன்ஜின் அரை பாரைச் சுற்றித்தான் ஏற்றுகிறது, கார் டயரில் அடிக்கிற காற்றில் கால்வாசி. அதற்குக் கடின ஸ்பிரிங் போட்டால் வால்வு வேண்டிய நேரத்தில் திறக்காது. ரொம்ப இளகலாகப் போட்டால் வேண்டாத நேரத்தில் கசியும், நின்று ஓடும்போதும் திறந்தே இருக்கும். வெளியே ஊதுகிற ரகமாக இருந்தால் அந்தத் திறந்த வாய் வழியாக, ஃபில்டர் காணாத காற்றை இன்ஜின் உறிஞ்சும். பஞ்சுத் தூசி பறக்கிற நம் ஊரில் அது நுரையீரலைத் திறந்து வைப்பதற்குச் சமம். நிட்டிங் கம்பெனி ஜன்னல் வலையில் சாயங்காலம் படிந்திருக்கும் பஞ்சைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

பிஸ்டன் வைத்த உலோக வால்வு உழைக்கும். ஆனால் அதைக் கழற்றித் துடைத்து, கிரீஸ் தடவி, ஓ-ரிங் பார்த்துப் பூட்டுகிற பொறுமை வேண்டும். கவனிக்காமல் விட்டால் இறுகிப் போய்த் திறந்த நிலையிலேயோ மூடிய நிலையிலேயோ நின்றுவிடும். ரப்பர் டயஃப்ரம் சீக்கிரம் திறந்து சீக்கிரம் மூடும், பராமரிப்பு கேட்காது. ஆனால் சூட்டிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் வயதாகிக் கிழியும். இரண்டும் அதனதன் அளவில் நல்லதுதான். ஆக்டேவியா இன்ஜினுக்கு போஷ் செய்த, 710 என் என்று முடிகிற வால்வைத்தான் உலகமெங்கும் அந்த இன்ஜினைத் தெரிந்தவர்கள் தேடி வாங்குகிறார்கள். விலை குறைவு, சத்தம் கிடையாது, திருப்பி விடுகிற ரகம். அச்சு மாறாத போலிகளும் சந்தையில் உண்டு. மேலே சொன்ன இரண்டு விரல் பரிசோதனையைக் கடையிலேயே செய்து பார்த்து வாங்குங்கள்.

டீசல் வண்டி வைத்திருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. டீசல் இன்ஜினில் காற்றை அப்படி அடைக்கிற கதவுக்கு வேலை இல்லை. காலை எடுத்தால் டீசல்தான் நிற்கிறது, காற்று பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். அதற்கு இந்த வால்வே தேவையில்லை. டீசலுக்கென்று கரண்டில் திறக்கிற வால்வு விற்கிறார்களே, அது சத்தத்துக்காக மட்டும். உழைத்துச் சம்பாதித்த காசை அதில் போடாதீர்கள். கம்பெனி அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்பாடு வைத்திருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். முடுக்கிப் பார்க்கிற ஆசை இருந்தால் அதற்கு இடம் இருக்கிறது. நம் பக்கத்துப் பிள்ளைகள் கைக்கெட்டிய விலையில் பந்தயம் ஓட்ட வேண்டும் என்று ஒற்றை இருக்கைக் கார்கள் கட்டிய எஸ். கரிவர்தன் 1995இல் விமான விபத்தில் போய்விட்டார். அவர் பேரில் கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. வேகம் அங்கே இருக்கட்டும், அவிநாசி சாலையில் வேண்டாம்.

அந்தப் பையனுக்கு நான் அடாப்டர் கடைந்து கொடுக்கவில்லை. பழைய ரகத்திலேயே புது வால்வும் புது ஹோஸும் போட்டான். பைப் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்த்து, கிளிப்புகளை இறுக்கினோம். திக்கல் நின்றது, இழுவை வந்தது. வெளியே ஒரு சத்தமும் இல்லை. பழைய யந்திரம் நம்மிடம் புதுமை கேட்பதில்லை. தன்னில் எது கிழிந்ததோ அதைத் தைத்துத் தரச் சொல்கிறது. புதுசு வாங்குவதற்கு முன்னால் பழசு ஏன் நின்றது என்று பார்ப்பது வண்டிக்கு மட்டுமான புத்தி இல்லை.

நான் சொல்ல வந்தது இதற்கு மேல்தான் இருக்கிறது.

திருப்பூர் மொத்தமும் டர்போ வைத்த ஊர். ஆர்டர் வந்துவிட்டால் கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ராத்திரி பகல் தெரியாமல் ஓடும். கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்புகிற வரைக்கும் யாருக்கும் உடம்பு வலிக்காது, பசிக்காது. கிளம்பிய மறுநாள்தான் எல்லாம் வரும். எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஓடும்போது விழாதவர்கள், நின்றதும் விழுந்தார்கள். தொழிலைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்த முதலாளி, பென்ஷன் வாங்கி வீட்டுக்கு வந்த வாத்தியார், ஆர்டர் கேன்சலான ஜாப் ஒர்க்காரர், எல்லோருக்கும் கதவு சட்டென்று மூடிக்கொண்டது. உள்ளே சக்கரம் மட்டும் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த அழுத்தம் எங்கே போகும்? வழி வைத்திருந்தவர்களுக்கு வழியில் போயிற்று. வழி வைக்காதவர்களுக்குத் திரும்பி வந்து அவர்களையே அடித்தது. சிலருக்கு ரத்த அழுத்தமாக, சிலருக்குக் குடியாக.

வெளியே ஊதிவிடுவதும் ஒரு வழிதான் என்று சொல்லலாம். வெளியே என்று நாம் சொல்கிற இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இந்த ஊர் அதை நொய்யலில் கற்றுக்கொண்டது. சாயத் தண்ணீரை ஆற்றில் விட்டால் அது வெளியே போய்விட்டதாகத்தான் நினைத்தோம். அது கீழே ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கி, அந்தப் பக்கத்து விவசாயிகளின் கிணற்றையும் நிலத்தையும் கெடுத்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே நாளில் நின்றன. பிறகு ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாட்டைச் செய்து, தண்ணீரைச் சுத்தம் செய்து அதே பட்டறைக்கும், உப்பைப் பிரித்து அதே சாயத்துக்கும் திருப்பி விடக் கற்றுக்கொண்டோம். செலவு கூடுதல்தான். ஆனால் அதற்குப் பிறகுதான் தொழில் தலைநிமிர்ந்து நிற்க முடிந்தது.

வீட்டிலும் அதேதான். கம்பெனியில் வாங்கிய பேச்சை மனைவி மேலும் பிள்ளை மேலும் ஊதிவிட்டு, ‘எனக்கு மனசுல ஒண்ணும் இல்லை, சொல்லிட்டு மறந்துருவேன்’ என்று பெருமையாகச் சொல்கிற ஆட்களை அறிவேன். அவர் மறந்துவிடுவார். கேட்டவர்கள் மறப்பதில்லை. அந்தப் பேச்சு அந்த வீட்டின் கணக்கில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு வீடு திக்கித் திக்கித்தான் ஓடும். அதற்காக எல்லாவற்றையும் அடக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. அடக்குவது வால்வே இல்லாமல் ஓட்டுவது. அழுத்தத்துக்கு வழி வேண்டும், அந்த வழி திரும்ப உள்ளே வந்து வேலைக்கு உதவுகிற வழியாக இருக்க வேண்டும்.

அப்படிச் செய்தவர்களையும் இந்த ஊரில் கண்டோம். 2020 மார்ச் 24 ராத்திரி கொரோனா ஊரடங்கில் நாடே நின்றது. கையில் தைத்த சரக்கு, வாங்க ஆள் இல்லை. பல கம்பெனிகள் சில வாரங்களுக்குள் அதே மெஷினையும் அதே ஆட்களையும் வைத்து முகக்கவசமும் மருத்துவமனைப் பாதுகாப்பு உடையும் தைக்க ஆரம்பித்தன. 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி என்றபோதும், வேறு நாட்டுச் சந்தை தேடிக் கிளம்பியவர்கள் உண்டு. நின்றுபோன வேகத்தைக் கோபமாகவும் புலம்பலாகவும் ஊதிவிடாமல், அடுத்த வேலையின் வாய்க்கே திருப்பி விட்டவர்கள் இவர்கள்.

ஆகவே ஓடிக்கொண்டிருக்கிற வயதிலேயே அந்த வழியைத் தயார் செய்து வையுங்கள். கம்பெனியிலிருந்து வீட்டுக்கு வருகிற வழியில் கால் மணி நேரம் யாரோடும் பேசாமல் நடங்கள். மனசு விட்டுப் பேச ஒரு சிநேகிதனை நாற்பது வயதிலேயே சேர்த்து வையுங்கள், அறுபதில் தேடினால் கிடைக்க மாட்டான். கைக்கு ஒரு வேலை, பணத்துக்காக இல்லாத வேலை, பழகி வையுங்கள். தோட்டமோ, பஜனையோ, பழைய வண்டியோ, எதுவாக இருந்தாலும் சரி. வருஷத்துக்கு ஒரு முறை அந்த வழியையும் வால்வு மாதிரி கழற்றிப் பாருங்கள். சிநேகிதனோடு கடைசியாக எப்போது பேசினோம், தோட்டத்தில் கால் வைத்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரப்பர் வெளியே தெரியாமல்தான் கிழிகிறது. சத்தம் போடுகிற வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பக்கத்தில் இருக்கிறவருக்குக்கூடத் தெரியாமல் திறந்து மூடுகிற வழிதான் நெடுநாள் உழைக்கும். முடுக்கத் தெரிந்த பிள்ளைகள் நம் ஊரில் ஏராளம். காலை எடுக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். உங்களோடு ஒரே கூரையில் இருக்கிறவர்களுக்கு நீங்கள் செய்கிற பெரிய உதவி அதுதான்.